பூச்சி ஒட்டாத இடம்

கார் கழுவும் கொட்டகையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ஊறட்டும்’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய மனிதர் வந்து காலைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றாலும் அவள் வாயிலிருந்து வரும் பதில் அந்த ஒரு சொல்தான்.

“இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?”

“ஊறட்டும்.”

பதினெட்டு வருடமாக அவளுக்கு வண்டியின் முகம் மட்டும்தான் வேலை. சக்கரம், கதவு, பின்பக்கமெல்லாம் மற்றவர்கள் தண்ணீரைப் பீய்ச்சியடித்து முடித்துவிடுவார்கள். முகம் அப்படியில்லை. வேகமாக வரும் வண்டியில் மோதிச் செத்த பூச்சிகள் வெயிலில் காய்ந்து, அப்பளம் போல ஒட்டிக்கிடக்கும். சுரண்டினால் பெயின்ட் வரும், அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். அவள் ஒரு பழைய டர்க்கி டவலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பம்பர் மேல் விரித்துவிட்டு, தன் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா இருப்பாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது அவள் கட்சி. பூமி கிடைக்கவில்லை, பம்பர் கிடைத்தது.

பத்து நிமிடம் கழித்து கீழேயிருந்து மேலே ஒரே இழுப்பாகத் துடைப்பாள். எல்லோரும் மேலேயிருந்து கீழேதான் துடைப்பார்கள், அவள் மட்டும் மாற்றி. கேட்டால், “காத்து அடிச்சு அதுங்க றெக்கை மேல் பக்கமா படுத்திருக்கு. பூனையை முடி போற பக்கம்தானே தடவுவோம்?” என்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் துடைத்த வண்டியில் ஒரு தும்பு இருக்காது என்பதால் வாயை மூடிக்கொள்வார்.

பூச்சியைப் பார்த்தே வண்டி எங்கே போய் வந்தது என்று சொல்லிவிடுவாள். வயல் வழி வந்த வண்டியில் பச்சைக் கறை, தண்ணீரோரம் வந்ததில் தட்டான், தோப்பு வழி என்றால் சின்னக் கறுப்பு வண்டு. ஒரு தடவை, மனைவியோடு வந்த ஒருவரிடம், “ஏரிக்கரை பக்கம் சாயங்காலம் போனீங்களா சார்?” என்று வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தாள். அவர் அன்று முழுக்க அலுவலகத்தில் இருந்ததாக வீட்டில் சொல்லியிருந்தாராம். அதற்குப் பிறகு அந்த வண்டி கொட்டகைப் பக்கமே வரவில்லை.

அவளுக்கு ஒரே மகன். புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. மகன் ஏழு வருடம் மற்றவர்கள் வண்டியை ஓட்டிவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கியிருந்தான். வாய் ஓயாமல் பேசுகிறவன். வண்டிக்குள் உட்கார்ந்த ஆள் இறங்குவதற்குள் அவருடைய மூன்று தலைமுறைக் கதையை வாங்கிவிடுவான்.

வண்டியை விற்றவர் இரண்டு தெரு தள்ளியிருந்த ஓய்வுபெற்ற கணக்காசிரியர். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். வண்டியின் எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடியது. வெளிப்புறம்தான் சகிக்கவில்லை. நாலு வருடத்துத் தூசி ஒரு தோல் போல மூடியிருந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“கழுவாதீங்க. அப்படியே ஓட்டுங்க.”

மகன் சிரித்துவிட்டான். “எங்கம்மா யாருன்னு தெரியாம சொல்றீங்க சார்.”

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். கார் கழுவுகிறவள் பிள்ளை அழுக்கு வண்டி ஓட்டுவதா? நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டவலும் வாளியுமாக இறங்கிவிட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒதுக்கில், மூக்கு சுவரைப் பார்க்க வண்டி நின்றது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்காருகிற அளவுதான் இடம்.

மேல் தூசியைத் தண்ணீரால் கரைத்ததும் அடியில் பூச்சிகள் தெரிந்தன. பம்பர் முழுக்க, ஒரு விரல் வைக்க இடமில்லாமல் அப்பியிருந்தன. ஆனால் இடதுபுற விளக்குக்குக் கீழே ஒரு துண்டு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு கை. சுண்டுவிரல் மட்டும் உள்பக்கம் வளைந்திருந்தது. வண்டி ஓடும்போது யாரோ அங்கே கையை வைத்துக்கொண்டிருந்தால்தான் அப்படி ஓர் இடம் பூச்சி ஒட்டாமல் இருக்கும். ஓடுகிற வண்டியின் முகத்தில் யார் கையை வைப்பார்கள்? அவள் அதிகம் யோசிக்கவில்லை. அழுக்கு கண்ணில் பட்டால் அவளுக்கு யோசனை ஓடாது. டவலை விரித்தாள், ஊறவைத்தாள், கீழேயிருந்து மேலே துடைத்தாள். வண்டி பளபளவென்று ஆனது.

மகன் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, இது நம்ம வண்டிதானா, மாத்திட்டியா?” என்றான். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வாசல் பெருக்க வந்தவள் அப்படியே நின்றாள். வண்டியின் முகம் முழுக்கப் புதுப் பூச்சிகள்.

“டேய், எழுந்திரு. ராத்திரி எங்கடா போன?”

“நான் எங்க போனேன்? இன்னும் வண்டியை என் பேருக்குக்கூட மாத்தலம்மா. மாத்தாம எடுக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?”

வண்டிக்குள் போய் ஓடிய கிலோமீட்டரைக் காட்டினான். முந்தைய நாள் இருந்த அதே எண். நண்பர்கள் யாராவது விளையாடியிருப்பார்கள் என்றான். இப்படியும் ஒரு விளையாட்டா என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் டவலை விரித்தாள். அப்போதுதான் இரண்டு விஷயத்தைக் கவனித்தாள். அந்தப் பூச்சிகளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சாம்பல் நிறம், நூல் மாதிரி நீளக் கால்கள், வாசனையே இல்லை. எந்தப் பூச்சியை ஊறவைத்தாலும் தண்ணீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஆகும். இவற்றைத் துடைத்துப் பிழிந்த தண்ணீர், குழாயில் பிடித்த தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

இரண்டாவது, அந்தக் கை. நேற்று விளக்குக்குக் கீழே இருந்தது, இன்று விளக்குக்கு மேலே இருந்தது.

துடைத்தாள். செவ்வாய்க்கிழமை இரண்டு கைகள், பானட்டின் விளிம்பைப் பிடித்த மாதிரி. துடைத்தாள். புதன்கிழமை பானட்டின் நடுவில் இரண்டு கையும் இரண்டு முட்டியும். யாரோ தவழ்ந்து ஏறுகிறார்கள் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். இருந்தாலும் துடைத்தாள். பயம் வந்தால் சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள், சிலர் ஓடுவார்கள். அவளுக்குத் தெரிந்தது துடைப்பதுதான்.

அன்றுதான் பெயர் மாற்றிய காகிதம் வந்தது. மகன் முதல் சவாரிக்குக் கிளம்பிப் போனான்.

வியாழக்கிழமை முன்கண்ணாடியில், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் எதிரே, இரண்டு உள்ளங்கை. நடுவில் ஒரு நெற்றியும் மூக்கும் அழுந்திய அளவுக்கு இடம். கண்ணாடி போட்ட கடைக்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் அப்படித்தான் முகத்தை வைப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாள்.

இரவுச் சாப்பாட்டில் மகன் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தான்.

“என்னடா, வாயில கொழுக்கட்டையா?”

“இல்லம்மா. இன்னைக்கு நம்ம வீட்டுத் திருப்பத்தையே விட்டுட்டேன். நேரா போய்க்கிட்டே இருந்தேன்.”

“தூங்கிட்டியா?”

“தூங்கல. ரோடு அவ்வளவு நல்லா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல. பொட்டு வெளிச்சம்கூட இல்ல.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. “அப்புறம், ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதும் தனியா வர்ற மாதிரி இல்லம்மா. பேச்சுத்துணைக்கு யாரோ இருக்கிற மாதிரி. நல்லாத்தான் இருக்கு.”

அந்த ‘நல்லாத்தான் இருக்கு’ தான் அவளைக் கலக்கியது. பயந்திருந்தால் பரவாயில்லை, தைரியம் சொல்லித் தேற்றியிருப்பாள். அவனுக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியின் வெளிப்புறம் சுத்தமாக இருந்தது. ஒரு பூச்சி இல்லை. அவளுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. கையால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள், வழுவழுவென்று இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பூச்சிகள் கண்ணாடியின் உள்பக்கம் இருந்தன. பூட்டிய கதவுக்குள், ஏற்றிவிட்ட கண்ணாடிகளுக்குள், சாம்பல் நிறமாக அடர்த்தியாக அப்பியிருந்தன. அதில் ஒரே ஒரு கை. உள்ளேயிருந்து வெளியே பார்த்து வைத்த கை. வளைந்த சுண்டுவிரல் இப்போது மறுபக்கம் இருந்தது.

சாவியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். தூங்குகிற மகனை எழுப்பாமல் கணக்காசிரியர் வீட்டுக்குப் போனாள்.

அவர் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

“கழுவிட்டீங்க,” என்றார்.

வீடு முழுக்கத் தூசி. மேசையில் விரலால் எழுதலாம். ஆனால் சுவரோரம் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு பெண்ணின் மழைக்கோட்டு, அதன் மேல் மட்டும் தூசி இல்லை.

“ஏன்னு சொல்லியிருக்கலாமே ஐயா,” என்றாள்.

“சொன்னா வாங்கியிருப்பீங்களா?”

அவள் அந்த மழைக்கோட்டையே பார்த்தாள்.

“எங்க வீட்டம்மா ரொம்ப சுத்தக்காரி,” என்றார் அவர். “ஒரு நாள் எங்கேயோ ஒரு ரோட்ல போயிட்டு வந்தா. புதுசா ஏதோ பூச்சி அப்பியிருக்குன்னு கழுவினா. தினமும் வரும், தினமும் கழுவுவா. நான் சிரிச்சேன். ஏழாம் நாள் கடைக்குப் போறேன்னு போனா. வண்டி ரோட்டோரத்துல நின்னுச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கதவெல்லாம் உள்ள பூட்டியிருந்துச்சு. ஆள் இல்ல. கண்ணாடி உள்பக்கம் முழுக்கப் பூச்சி.”

“அப்புறம்?”

“வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் உள்ள ஒண்ணும் இல்ல. பம்பர்ல, விளக்குக்குக் கீழ, மறுபடியும் முதல்லேருந்து ஒரு கை.” தன் வலது கையை விரித்துச் சுண்டுவிரலை மற்றக் கையால் வளைத்துக் காட்டினார். “சின்ன வயசுல கதவுல மாட்டி ஒடிஞ்சது. சரியா கூடல.”

“அப்போ அது உங்க வீட்டம்மாவா?”

“கழுவாட்டி அங்கேயே இருக்கும். நாலு வருஷம் அப்படியே வெச்சிருந்தேன். கை கழுவிடு, மறந்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க.” அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “அவ கையை நான் எப்படிக் கழுவுறது?”

“அப்புறம் ஏன் வித்தீங்க?”

“வெச்சிருந்தா ஒரு நாள் நானே கழுவிடுவேன்னு பயம். கழுவினா வருவா. எங்கிட்டதான் வருவா. கூட்டிட்டும் போவா. தைரியம் இல்ல எனக்கு.”

அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. தன் தலைவலியை என் பிள்ளை தலையில் கட்டிவிட்டாயே பாவி என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த மழைக்கோட்டைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. வாசல் வரை வந்தவள் திரும்பி ஒன்று கேட்டாள்.

“அந்தம்மா எந்தப் பக்கமா துடைப்பாங்க? மேலேயிருந்து கீழயா, கீழேயிருந்து மேலயா?”

கணக்காசிரியர் யோசித்தார். “பம்பர்ல ஆரம்பிச்சுக் கண்ணாடி பக்கமாத்தான் போவா. ஏன் கேட்கறீங்க?”

ஏன் என்று அவள் நடந்துகொண்டே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது தானாக ஏறவில்லை. அவள்தான் ஏற்றிவிட்டாள். ஒவ்வொரு காலையும் தன் கையால், பத்து நிமிடம் ஊறவைத்து, ஒரு படி மேலே தள்ளித் தள்ளி, பெற்ற பிள்ளையின் மடி வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். பதினெட்டு வருடத்துப் பெருமை அத்தனையும் வயிற்றில் கல்லாக இறங்கியது.

அன்று மகன் எவ்வளவு கேட்டும் சாவியைக் கொடுக்கவில்லை. முன்னிருக்கையில் முட்டிபோட்டு, கண்ணாடியின் உள்பக்கம் டவலை ஒட்டி ஊறவைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக மேலேயிருந்து கீழே துடைத்தாள். றெக்கைக்கு எதிர்ப்பக்கம் துடைப்பதால் ஈஷிக்கொண்டது, கை வலித்தது, கறை திட்டுத் திட்டாக நின்றது. தொழில் தெரியாதவள் செய்த வேலை போல இருந்தது.

சனிக்கிழமை கை கண்ணாடிக்கு வெளியே போயிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பானட்டின் நடுவில், திங்கட்கிழமை விளிம்பில். ஒரு நாளைக்கு ஒரு படி. புதன்கிழமை விளக்குக்குக் கீழே, முதலில் பார்த்த அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே நிறுத்தினாள். இன்னும் ஒரு தடவை துடைத்தால் பம்பரை விட்டு இறங்கிவிடும். இறங்கி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

மகனிடம் சாவியைக் கொடுத்து, “ஓட்டு. ஆனா நானே சொன்னாலும் கழுவாதே,” என்றாள்.

“அம்மா, நீயா பேசுற?”

“நான்தான். சத்தியம் பண்ணு.”

அவன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான், சிரித்துக்கொண்டேதான். ஆனால் மறுபடியும் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்திருந்தான். வீட்டுத் திருப்பத்தை விடவில்லை. கொட்டகையில்தான் கேலி தாங்கவில்லை. “ஊறட்டும் அக்கா, உங்க பையன் வண்டியை எத்தனை வருஷம் ஊறவைக்கப் போறீங்க?” என்று முதலாளியே கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள். அழுக்கான வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்க்கும்போது அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று. இருபதாம் நாள் மதியம் வானம் கறுத்தது.

மகன் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கக் கொட்டகைக்கு வந்திருந்தான். தொலைபேசி அடித்தது. விமான நிலையத்துக்கு உடனே போக வேண்டும், குடும்பத்தோடு நிற்கிறார்கள். அவன் வண்டியில் ஏறும்போது முதல் துளி பானட்டில் விழுந்தது.

ஓடுகிற வண்டியில் மழைத்தண்ணீர் கீழே இறங்காது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை வண்டிகளில் பார்த்திருக்கிறாள். காற்று தள்ளத் தள்ள, பம்பரிலிருந்து பானட்டுக்கும் பானட்டிலிருந்து கண்ணாடிக்கும் சாரை சாரையாக மேலே ஏறும். மழைக்கு ஒரு நாளைக்கு ஒரு படி என்ற கணக்கு உண்டா? விமான நிலையம் போய்ச் சேர முக்கால் மணி நேரம்.

“டேய், இறங்கு.”

“அம்மா, ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“பத்து நிமிஷம்.” அவள் அதற்குள் ஸ்டூலை வண்டிக்கு முன்னால் போட்டுவிட்டாள். டவலை நனைத்துப் பம்பரில் விரித்தாள்.

“கழுவக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நீதானே? விடும்மா, மழையே கழுவிடும்.”

“மழைக்கு எந்தப் பக்கம் துடைக்கணும்னு தெரியாதுடா.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் முட்டிகளைச் சேர்த்து, பம்பரை ஒட்டி, நெருங்கி உட்கார்ந்தாள். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அவளுக்கும் உயிர் வெல்லம்தான். தலையை நிமிர்த்தியபோது கண்ணாடிக்குப் பின்னால் மகன் கடிகாரத்தைக் காட்டி முகத்தைக் கோணலாக்கினான். டவலை எடுத்தாள். மேலேயிருந்து கீழே, தன் மடியைப் பார்த்து, ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

வண்டி மழைக்குள் கிளம்பிப் போனது. இருட்டுவதற்குள் அவன் திரும்பி வந்து, அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையையும் சொல்லி முடித்தான்.

மறுநாள் காலை வண்டியில் சாதாரணச் சேறு மட்டும் இருந்தது. அவள் போர்வையை விலக்கினாள். நைட்டியின் மடிப்பகுதி முழுக்கச் சாம்பல் நிறப் பூச்சிகள். வலது முட்டிக்கு மேல் ஒரு கை.

அலறவில்லை. மகன் அதே அறையில் தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சத்தமில்லாமல் குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தலையில் ஊற்றுகிற தண்ணீர் கீழேதானே போகும் என்று ஒரு நினைப்பு வந்து, அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் கை முழங்காலுக்குக் கீழே இருந்தது. அதற்கடுத்த நாள் கணுக்காலில். ஐந்து விரலும் காலைச் சுற்றிப் பிடித்திருந்தன, வெளியே போகிறவர்களைக் குழந்தை பிடித்து நிறுத்துவது போல.

அதோடு குளிப்பதை நிறுத்தினாள். கணுக்காலுக்குக் கீழே பாதம், பாதத்துக்குக் கீழே தரை. தரையில் அவள் பிள்ளை படுத்திருக்கிறான்.

நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற வேலை. முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டாள், படுக்கும்போதும் கழற்றவில்லை. நடக்கும்போது அந்தக் கால் சற்றுக் கனத்தது. போகப் போக, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தெரு நீண்டுகொண்டே போவது போலவும், இரண்டு பக்கமும் வீடுகளே இல்லாதது போலவும் தோன்றியது. கூட யாரோ நடந்து வந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஆறாம் நாள் மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “அம்மா, உடம்பு சரியில்லையா? கொட்டகையில சொல்றாங்க. நீ குளிக்கலையாம்.”

ஊர் வண்டியெல்லாம் மினுக்கிவிட்டவளுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. “நாளைக்குக் குளிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டுக் கணக்காசிரியர் வீட்டுக்கு நடந்தாள்.

அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, பூட்ஸைத் தானே கழற்றினார். காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வளைந்த சுண்டுவிரலின் இடத்தை, தொடாமல், காற்றில் விரலால் வரைந்தார்.

“இது உங்க பொருள் ஐயா,” என்றாள் அவள். “கொண்டுவந்து சேர்த்துட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, எழுந்து போயிடறேன்.”

அப்படிச் சொன்னாளே தவிர, எழுந்து போக அவளுக்கு வேறு இடம் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவர் உள்ளே போய் ஒரு பேசினில் தண்ணீரும் பழைய துண்டும் கொண்டுவந்தார். அவள் துண்டை நனைத்துத் தன் கணுக்காலில் சுற்றினாள்.

“பத்து நிமிஷம் ஊறட்டும். அதுக்குள்ள மனசு மாறினா சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் அடுப்பை அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அலமாரியிலிருந்து தேய்த்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான்களைச் சரியாக மாட்டினார். கண்ணாடி முன் நின்று தலை சீவினார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு உயிரோடு போகப்போகிறோம் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அவர் அவள் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தப் பக்கமா துடைக்கணும்?”

“கீழ்ப்பக்கமா. உங்களைப் பார்த்து.”

அவர் அவசரப்படாமல் துடைத்தார். பேசினில் பிழிந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது.